அறுபத்துமூன்று

மூன்றாம் டிவிஷன் லீகில்
ஸ்கோர் எழுதுகிறவன் கைதட்டக் கூடாது.
சட்டமில்லை, பழக்கம்.
ஒரு கையில் பென்சில், மறு கையில் ரப்பர்,
காற்றில் படபடக்கும் தாள்மேல் டிபன் பாக்ஸ்.
கிருபாகரனின் அந்த வருஷத்தை
அப்படித்தான் எழுதி முடித்தேன்,
கைதட்டாமல்.

அயனாவரம் பையன். இடது கை சுழல்.
முந்தைய வருஷம் எட்டு விக்கெட்.
அதற்கும் முந்தைய வருஷம்
தண்ணீர் கேன் தூக்கினான்.
பிறகு ஜூலையில் ஒரு ஞாயிறு
ஏழு பேர் மட்டையோடு வந்தார்கள்,
ஏழு பேரும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள்.
எருமை குறுக்கே வந்து ஆட்டம் நின்ற
பத்து நிமிஷம் தவிர
அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

செப்டம்பருக்குள் நாற்பது.
ஐப்பசி மழை மூன்று ஞாயிறுகளைத் தின்றது.
நான்காவதில், ஈரம் காயாத மேட்டிங்கில், ஒன்பது.
பேங்க் டீமிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் இரண்டு ஓவர் பார்த்தார்,
போண்டா சாப்பிட்டார்,
"பார்க்கலாம்" என்றார்.
அன்று மாலை கிருபாகரன்
எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான், எனக்கும்.
சர்க்கரை ஜாஸ்தி. சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பதினொன்று.
அதற்கடுத்து நான்கு.
பிறகு பட்டியலில் பேரே இல்லை.

காரணங்கள் மலிவாகக் கிடைத்தன.
கல்யாணம் என்றான் கீப்பர் ஜோசப்ராஜ்.
விரல் வீக்கம் என்றான் அவன் மச்சினன்.
தலைக்கனம் என்றார் கிளப் செயலாளர்,
அவர் என்னையும் அப்படித்தான் சொல்வார்.
வீட்டு வாசலில் அமாவாசைதோறும்
பூசணிக்காய் உடைபட்டதாகக் கேள்வி.

எனக்குத் தெரிந்தது வேறு.
எங்கள் மைதானத்துத் தேங்காய் நார் மேட்டிங்கில்
அந்த வருஷம் ஒரு கிழிசல்.
முனிரத்தினம் கோணி ஊசியால் தைத்திருந்தார்,
சணல் கோத்து, அவசரமாய்.
ஸ்கூல் சுவர்ப் பக்கமிருந்து போட்டால்
சரியான லெங்த்தில்
ஒரு விரற்கடைத் தடிப்பு.
மே மாதம் புது மேட்டிங் வந்தது.
பழையதை வெட்டி
சைக்கிள் ஸ்டாண்டில் விரித்தார்கள்.

யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.
ஆனால் கரண்ட் போன ஒரு ராத்திரி
டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன்.
அறுபத்துமூன்றில் முப்பத்தெட்டு அந்தத் தையலின்மேல்.
மீதி இருபத்தைந்து
கொரட்டூரில், தாம்பரத்தில், தீவுத்திடலுக்குப் பின்னால்.
அங்கெல்லாம் யார் தைத்து வைத்தது?
அதே தையலின்மேல் இன்னும் நாலு பேர் போட்டார்கள்,
சீசன் முழுக்க.
நாலு பேரும் சேர்ந்து பத்தொன்பது.
டார்ச் மங்கிவிட்டது.

போன கோடையில் தண்ணீர் லாரி பதிய
வாரிய அலுவலகத்தில் நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்.
தொப்பை, மூக்குக்கண்ணாடி, அதே இடது கை எழுத்து.
நலம் விசாரிக்கவில்லை.
"சார், அது அறுபத்துநாலு இல்லையா?"

எந்தப் பந்தைச் சொல்கிறான் என்று தெரியும்.
நேராக அடித்தது. அவன் விரலில் உரசி
எதிர் முனை ஸ்டம்பைச் சாய்த்தது.
ஓடத் தொடங்கியவன் கோட்டுக்கு வெளியே நின்றான்.
"ரன் அவுட்டுப்பா. போட்டவன் கணக்கில் வராது."
"தெரியும் சார். சும்மா கேட்டேன்."
ரசீதில் சீல் குத்தினான், இரண்டு தடவை,
முதல் தடவை மை சரியாகப் படியவில்லை.

ராத்திரி பரணிலிருந்து நோட்டை இறக்கினேன்.
பக்கம் நாற்பத்தொன்று.
ரன் அவுட், என் எழுத்துதான்,
பென்சில் அழுத்தி மறுபக்கம் புடைத்திருந்தது.
ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

லாரி வியாழக்கிழமை வந்துவிடும் என்றிருந்தான்.
வெள்ளிக்கிழமைதான் வந்தது.